பாட்டுப் பெட்டியின் மறுபிறப்பு

வந்தவாசியில் நண்பர் ஒருவரின் வீட்டில் நாம் கேட்க நேர்ந்த ஒரு சிறு உரையாடலிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். சென்னையில் பணிபுரியும் நண்பரின் மகள், எண்பதைக் கடந்த தன் தாத்தாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டியைப் பரிசாக வாங்கி வந்திருந்தாள். பழைய வானொலிப் பெட்டியின் சாயலில் அமைந்த, பெரிய குமிழ் வைத்த அழகான பெட்டி. பெரியவர் அதை இரு கைகளாலும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மேல்பக்கத்தை மூடி என்று எண்ணித் திறக்க முயன்றார். திறக்கவில்லை.

'பாட்டுப் பொட்டின்னு சொன்னியேம்மா, பிளேட்டு எங்க வைக்கிறது?'

'பிளேட்டெல்லாம் கிடையாது தாத்தா. உள்ளயே ஐயாயிரம் பாட்டு இருக்கு.'

சற்று நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: 'அப்புறம் எதுக்கு இம்மாம் பெரிய பொட்டி?'

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஊர் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அப்பெரியவர் தம் இளமையில் மைக் செட் கடையொன்றில் வேலை பார்த்தவர். திருமணங்களிலும் திருவிழாக்களிலும் இசைத்தட்டு வைத்தவர். தட்டு வைத்துப் பழகிய கைக்குத் தட்டில்லாத பெட்டி விளங்காததில் வியப்பில்லை. அவர் கேட்டது வேடிக்கையாகத் தோன்றினாலும், உலகெங்கும் பழைய இசைத்தட்டுக் கருவிகளுக்கு மறுபிறப்பு அளிக்கப்பட்டுவரும் இக்காலத்தில், அது வரலாற்றைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வியாகவே நமக்குப் பட்டது.

*

அந்தப் பெட்டியின் பெயர் காரவான். சரிகம நிறுவனம் 2017இல் முதலில் இந்திப் பாடல்களுடன் வெளியிட்டு, பின் தமிழ் முதலான மொழிகளிலும் கொண்டுவந்தது. சரிகம என்ற பெயர் 2000ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. அதற்கு முன் அந்நிறுவனத்தின் பெயர் 'கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா'. மக்கள் வழக்கில் எச்.எம்.வி. எழுத்தறியாதவர்களுக்கு 'நாய் மார்க்'.

அந்த நாயின் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர், ஒலிக்கருவியின் குழாய் முன் அமர்ந்து கேட்கும் நாயாக அதை வரைந்தார். ஓவியத்தில் முதலில் இருந்தது எடிசன் வகையைச் சேர்ந்த உருளை ஃபோனோகிராஃப். 1899இல் லண்டன் கிராமபோன் கம்பெனி அவ்வோவியத்தை வாங்கியபோது ஒரு நிபந்தனை விதித்தது: உருளைக் கருவியை அழித்துவிட்டுத் தங்கள் தட்டுக் கருவியை வரைந்து தர வேண்டும். ஓவியர் அவ்வாறே செய்தார். பழைய உருவத்தின் மேல் புதிய கருவியைத் தீட்டுவது இத்தொழிலின் முத்திரைச் சின்னத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இந்தியாவில் அக்கம்பெனியின் ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கிற்று. ஃபிரெட் கைஸ்பர்க் என்ற பதிவாளரின் முன் கௌஹர் ஜான் பாடினார். பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் சென்று தட்டாக வார்க்கப்பட்டுத் திரும்ப வேண்டியிருந்ததால், அங்குள்ள தொழிலாளர்கள் எது யாருடைய தட்டு என்று அடையாளம் காண அந்த அறிவிப்பு உதவியது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்தபின் இங்கேயே தட்டு வார்க்கப்பட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உலகம் முழுவதும் சுழன்ற 78 சுழற்சித் தட்டுகளில் துகள்களை ஒட்டிப் பிடித்துவைத்தது அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரந்துவைக்கும் பிசின் அது. உலகின் அரக்குத் தேவையில் பெரும்பகுதியை இந்தியக் காடுகளே நிறைவு செய்தன. நியூயார்க்கில் ஒருவர் கேட்ட ஓபராவிலும் நம் காட்டுப் பூச்சியின் உழைப்பு இருந்தது.

தட்டில் பாட்டு எப்படித் தங்குகிறது என்பதை ஆரணிப் பக்கத்து நெசவாளருக்கு விளக்குவது எளிது. பட்டுத் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோக்கப்பட்டிருக்கும். அட்டையின் துளைகள் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்ல, சேலையின் கரையில் பூ விரியும். பூவைக் கற்பனை செய்தவர் மறைந்த பின்னும் பூ அட்டையில் இருக்கும். அதுபோலவே, தட்டின் சுருள்வரியில் பாடியவரின் குரல் நெளிவாகப் பதிந்திருக்கிறது. முள் அந்நெளிவைத் தொடர்ந்து செல்லும்போது அதிர்கிறது. அவ்வதிர்வைப் பெருக்கினால் குரல்.

*

இத்தொழில் தென்னாட்டுக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு வந்தவாசிக்கு அருகிலுள்ள காஞ்சிபுரமே சான்று. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தட்டில் பாடியவர். அவருடைய சகோதரியின் மகன் நாயனாப் பிள்ளை (1889–1934), லய வல்லமையில் தம் காலத்தின் பேராற்றலாகக் கருதப்பட்டவர். அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. மணிக்கணக்கில் விரியும் பல்லவியை மூன்று நிமிடத்துக்குள் அடைக்கச் சொன்ன கருவிக்கு முன் அந்தக் கலை எப்படி நிற்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். ஒரே குடும்பத்தில் பெரியம்மாவின் குரல் எஞ்சியது. மகனின் குரல் கேட்டவர்களோடு போயிற்று. எஞ்சியதையே வரலாறு என்று கருதும் பழக்கம் நமக்கு இருப்பதால் இதை நினைவில் வைப்பது நல்லது.

அக்காலத்தில் தட்டில் பாட முன்வந்த பெண்கள் பலர் இசை வேளாளர் மரபில் வந்தவர்கள். இவர்களை விருந்தினராக உள்ளே அழைக்கத் தயங்கிய வீடுகளும் இவர்கள் குரலைச் சாவி கொடுத்துக் கேட்டன. மதுரையிலிருந்து வந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலேயே எச்.எம்.வி.க்காகப் பாடினார். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய நாடகப் பாடல்கள், நாடகக் கொட்டகை செல்லாத ஊர்களுக்கும் சென்றன. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த ஏ.வி. மெய்யப்பன், படத் தயாரிப்பாளராக அறியப்படும் முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வணிகம் செய்தவர். தமிழ்த் திரையுலகின் வேர்களுள் ஒன்று தட்டுக் கடையில் இருக்கிறது.

ஆயினும் ஓர் ஐயத்தை எழுப்பியாக வேண்டும். கிராமபோன் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது என்ன? செட்டிநாட்டு முகப்பிலோ ஜமீன் மாளிகையிலோ பித்தளைக் குழாய் விரிந்த பெட்டி. அருகே சாய்வு நாற்காலி. திரைப்படங்கள் நமக்குப் பழக்கிய காட்சி இது. ஆனால் இக்கட்டுரையை வாசிப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது? எச்.எம்.வி. 1970களில் விற்ற ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்ற கையடக்கப் பெட்டிகளும் அரசு ஊழியர், மருத்துவர், வணிகர் இல்லங்களைத் தாண்டி அதிகம் செல்லவில்லை. கோரை அறுத்தவர் வீட்டிலும் பாய் பின்னியவர் வீட்டிலும் தட்டுக் கருவி இருந்ததில்லை. ஆனால் தட்டில் இருந்த பாடல்கள் அவர்களுக்கு மனப்பாடம். இது எப்படி?

*

விடை வேப்பமரத்தின் உச்சியில் இருந்தது. குழாய் ஸ்பீக்கர்.

மின்சாரம் எட்டாத ஊருக்கும் மைக் செட் சென்றது. லாரி பேட்டரி அதற்குப் போதும். ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு தட்டுக் கருவி, இரண்டு மூன்று குழாய்கள், ஒரு மைக், ஒயர் சுருள், தகரப் பெட்டி நிறையத் தட்டுகள். இவற்றை மாட்டுவண்டியிலோ மிதிவண்டியிலோ ஏற்றிக்கொண்டு இரண்டு ஆட்கள் முந்தைய நாளே வந்துவிடுவார்கள். பையன் மரமேறிக் குழாயைக் கட்டுவான். முதல் தட்டு விநாயகர் பாடலாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல் பக்கத்து ஊர் வரை சென்று, இங்கே ஒரு விசேஷம் என்று சொல்லிவிடும். அதன்பின் டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள், ஆடி மாதமென்றால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், சந்தனக்கூடு என்றால் நாகூர் ஹனிபா. 1963இல் எம்.எஸ். பாடி எச்.எம்.வி. வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதம், சம்ஸ்கிருதம் ஒரு சொல்லும் அறியாத ஊர்களின் விடியலாயிற்று.

செய்யாறு, வந்தவாசி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்மடி; புரிசை அதன் புகழ்பெற்ற ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் நாள்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் தீமிதி. கூத்து தொடங்கும் முன் கூட்டத்தைக் கூட்டுவது மைக் செட்காரரின் பொறுப்பு. கட்டியங்காரன் களத்தில் வரும் வரை தட்டுப் பாடும். கலையை அழிக்க வந்ததாகக் கருதப்படும் இயந்திரம், இங்கே பல ஆண்டுகள் கலைக்கு முன்வாசல் கூட்டியது. அதே குழாயில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) படங்களின் கதை வசனத் தட்டுகளும் முழங்கின. அதைக் கேட்டுக் கேட்டே நீண்ட வசனங்களை ஒரு சொல் பிசகாமல் பேசக் கற்றவர்கள் ஊருக்கு நால்வர் இருந்தார்கள். தமிழ்நாட்டில் எழுத்தறியாதவர் செந்தமிழ் கற்ற பள்ளிகளுள் ஒன்று குழாய் ஸ்பீக்கர் என்று சொன்னால் மிகையாகாது.

மொழியிலும் தட்டு தன் வரியைப் பதித்திருக்கிறது. சொன்னதையே சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோம். திருவிழா ஆட்டத்துக்கு இன்றும் 'ரெக்கார்டு டான்ஸ்' என்றே பெயர். ஆடுவோர் பலர் ரெக்கார்டைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது நாம் ஏக்கத்தில் கரைந்துவிடக் கூடாது. குழாயின் ஒலி எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும் அதிலிருந்து தப்ப வழியில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்ததற்கு நியாயம் இருக்கிறது. வேறொன்றும் உண்டு. ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்த பிறகும் கோயில் வாசலை மிதிக்க முடியாதவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பாட்டு அவர்கள் தெருவுக்கும் சென்றது; காற்றில் செல்வதை யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் குழாயை எந்தத் திசை நோக்கிக் கட்டுவது, எந்தத் தட்டை வைப்பது என்று முடிவு செய்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள். கேட்பது பொதுவாக இருந்தது. கேட்பிப்பது பொதுவாக இல்லை.

*

தட்டின் வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கம் மூன்று நிமிடமே பாடும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் நெகிழியில் 33⅓ சுழற்சி நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. 45 சுழற்சிச் சிறுதட்டை வெளியிட்டது. இந்தியாவுக்கு இவை தாமதமாக வந்தன. பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் நம் சிற்றூர்களின் தட்டுப் பெட்டியை ஒழித்தது. கேசட்டை யாரும் பதியலாம், சட்டைப்பையில் வைத்துச் செல்லலாம், கீறல் விழாது. அதே காலத்தில் கிராமபோன் கம்பெனியும் நலிந்து, 1980களின் நடுப்பகுதியில் கோயங்கா குழுமத்தின் கைக்கு மாறியது. தட்டுகள் எடைக்குப் போயின. வந்தவாசிப் பெரியவர் தம் முதலாளி கடையை மூடியபோது, கூலி பாக்கிக்குப் பதிலாகத் தட்டுப் பெட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாராம்.

முடிந்தது என்று எண்ணிய கதை மீண்டும் தொடங்கியதைத்தான் நாம் இப்போது காண்கிறோம். அமெரிக்காவில் 2020இல் வினைல் தட்டுகளின் விற்பனை வருவாய், 1980களுக்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தகடுகளின் வருவாயை விஞ்சியது. தட்டு திரும்பினால் கருவியும் திரும்ப வேண்டும். அக்கருவிகள் திரும்பிய வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வழி, இயந்திரத்தையே மறுபடி சிந்திப்பது. ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 இதற்குச் சிறந்த சான்று. 1972இல் பிறந்த கருவி அது. அதற்கு முன் பெரும்பாலான கருவிகளில் மோட்டார் ஓரிடத்திலும் தட்டு ஓரிடத்திலும் இருக்கும். ரப்பர் சக்கரமோ வாரோ இரண்டையும் இணைக்கும். ரப்பர் தேயும், வார் தளரும், பாட்டு இழுபடும். மைக் செட் கடைகளில் ரப்பர் சக்கரத்தைச் சீர்செய்வது ஒரு தனிக் கைவேலை. டெக்னிக்ஸ் பொறியாளர்கள் மோட்டாரின் அச்சின் மேலேயே தட்டை அமர்த்தினார்கள். நடன விடுதிகளில் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி இசையமைத்த கறுப்பின இளைஞர்களுக்கு இந்த உறுதி மிகவும் பிடித்துப்போயிற்று. 30 லட்சத்துக்கும் மேல் விற்ற அக்கருவி 2010இல் நிறுத்தப்பட்டு, 2016இல் திரும்பி வந்தது. பார்வைக்குப் பழையது, உள்ளே புதியது. பழைய மோட்டாரின் இரும்புப் பற்களை காந்தம் ஒவ்வொன்றாக ஈர்ப்பதால், சுழற்சியில் கண்ணுக்குத் தெரியாத சிறு தடுக்கல் உண்டு. இரும்பையே நீக்கிய புதிய மோட்டாரை வடிவமைத்து அக்குறையைக் களைந்தார்கள். மீட்புப் பணிக்குத் தலைமை ஏற்றவர் மிச்சிகோ ஒகாவா. பொறியாளர், ஜாஸ் பியானோ கலைஞரும்கூட. ஆனால் முதலில் வந்த கருவியின் விலை அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 டாலர். தெருவோர இளைஞர்களால் புகழ்பெற்ற கருவி, அவர்களால் வாங்க இயலாத பொருளாகத் திரும்பிற்று. விலை குறைந்த வடிவங்கள் பின்னரே வந்தன.

இரண்டாம் வழி, பழைய உடலையே பேணுவது. இங்கிலாந்தின் காரர்டு 301, 1950களில் வானொலி நிலையங்களும் இசை ஆர்வலர்களும் நாடிய கருவி. பல கை மாறிய அந்தப் பெயரை 2018இல் எஸ்.எம்.இ. நிறுவனத்தின் உரிமையாளர்கள் வாங்கி, எஞ்சியிருந்த பழைய 301களைத் தேடிப் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, புதியதுபோல் ஆக்கி விற்கத் தொடங்கினார்கள். கும்பாபிஷேகம் போன்றது இது: மூர்த்தம் பழையது, சாந்து புதியது.

மூன்றாம் வழி, தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. தோல்பெட்டி வடிவில் மலிவாக விற்கும் புதுப் பெட்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பலவற்றில் முள்ளின் பாரம் மிகுதி. விலையுயர்ந்த தட்டைச் சிறிது சிறிதாகத் தேய்க்கக்கூடியது. வந்தவாசிக்காரர்களுக்கு இது விளங்கும். கோரைப்பாயின் கோடுகளையும் நிறங்களையும் அப்படியே காட்டும் நெகிழிப் பாய் சந்தைக்கு வந்தபோது, தோற்றம் மட்டும் பிழைப்பது எப்படி என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். பார்வைக்குப் பாய், படுத்தால் முதுகு வியர்க்கும்.

*

காரவான் இம்மூன்றிலும் அடங்காது. தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, சுழற்சியும் இல்லை. கிராமபோன் கம்பெனி தன் கிராமபோனை மீட்கவில்லை. அது மீட்டெடுத்த உருவம் வானொலிப் பெட்டி. அதாவது, ஒரு காலத்தில் தன் வணிகத்துக்குப் போட்டியாக வந்த கருவி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் நடுத்தர வீடுகளின் நினைவை அந்நிறுவனம் சரியாகவே கணித்தது என்போம். நம் வீட்டுக்குள் இருந்தது வானொலிதான். இலங்கை வானொலியும் 1957இல் தொடங்கிய விவித் பாரதியும் தட்டு வைத்தன, நாம் கேட்டோம். தெருவில் மைக் செட்காரர் தட்டு வைத்தார், நாம் கேட்டோம். தமிழர்களில் மிகப்பெரும்பாலோருக்குத் தட்டு என்பது பிறர் கை வைக்க நாம் கேட்ட ஒன்று.

காரவானின் நன்மையையும் மறைக்கக் கூடாது. கைப்பேசித் திரையில் விரல் நடுங்கும் முதியவருக்கு, பெரிய குமிழைத் திருகினால் சுசீலா பாடுவார் என்பது எளிய காரியம் அல்ல. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் அப்பெட்டி ஒரு துணை. நண்பரின் மகளும் அந்த நினைப்பில்தான் வாங்கி வந்தாள்.

ஆனால் அதிலுள்ள ஐயாயிரம் பாடல்கள் எவை? பெரும்பாலும் ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடும் பாடல்கள். வணிகத்தில் அது இயல்பு. நாம் வருந்துவது வேறொன்றுக்காக. நினைவு என்று நமக்கு விற்கப்படும் பொருளின் எல்லையை, இங்கே உரிமைப் பத்திரம் வரைகிறது. மைக் செட்காரரின் தகரப் பெட்டிக்கு அந்த எல்லை இல்லை. அதில் எச்.எம்.வி.யும் ஓடியனும் கொலம்பியாவும் பாலிடோரும் இன்ரெகோவும் எக்கோவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கியது ஒரு வட்டாரத்தின் விருப்பம். எந்த ஊரில் எந்தப் பாட்டை மறுபடி கேட்பார்கள், எந்தச் சமூகத்துத் திருமணத்தில் எதை முதலில் வைக்க வேண்டும், துக்கம் நடந்த தெருவைக் கடக்கும்போது எதை நிறுத்த வேண்டும் என்ற அறிவெல்லாம் அந்த அடுக்கில் இருந்தது. அந்த அறிவை எந்த நிறுவனமும் பதிவு செய்யவில்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு நாம் விடை சொல்ல முயலலாம். எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி? ஐயாயிரம் பாடல்களுக்கு நகத்தின் அளவே போதும். மீதி இடம் முழுவதும் நம் நினைவுக்காக விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாம். நிரப்பாவிட்டால் வெற்றுப் பெட்டியே எஞ்சும்.

பழந்தமிழ் அச்சு நூல்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா வாய்த்தார். அவர் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்துவைத்ததால், 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஒரு நூலகம் எழுந்தது, ஆய்வாளர்கள் பயனடைகிறார்கள். தட்டுகளைச் சேர்க்கும் ஆர்வலர்களும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் அவர்கள் தேடுவது பெரும்பாலும் அரிய தட்டு, அரிய குரல். ஆயிரம் ஊர்களில் ஆயிரம் முறை ஓடித் தேய்ந்த சாதாரணத் தட்டுக்கு வரலாற்று மதிப்பு உண்டு என்பதை நாம் இன்னும் உணரவில்லை. அரிய தட்டு ஒரு பாடகரின் வரலாற்றைச் சொல்லும். தேய்ந்த தட்டு கேட்டவர்களின் வரலாற்றைச் சொல்லும். பாடியவர்களைப் பற்றி நம்மிடம் நூல்கள் பல இருக்கின்றன. கேட்டவர்களைப் பற்றி மிகக் குறைவு.

அடுத்த முறை வந்தவாசிக்குச் சென்றபோது பெரியவரிடம் அந்தத் தட்டுப் பெட்டியைக் காட்டுமாறு கேட்டோம். பரணில் பழைய கோரைப்பாயில் சுற்றி வைத்திருந்தார். நண்பர் ஏறி இறக்கினார். நாம் தேடாத ஒன்றும் அதில் இருந்தது: நீளவாட்டில் கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டு. தட்டுகளின் எண்ணும் பாட்டின் முதல் சொல்லும் எழுதி, சிலவற்றின் எதிரே ஊர்ப் பெயர்களைக் குறித்திருந்தார்.

'இது எதுக்கு ஐயா, ஊர் பேரு?'

'அந்த ஊர்ல இந்தப் பாட்டக் கேப்பாங்க. மறந்துட்டுப் போனா வுட மாட்டாங்க.'

மருதாடு, தெள்ளார், தேசூர், கீழ்க்கொடுங்காலூர் என்று அவர் விரல் வைத்துப் படித்துக் காட்டினார். பேத்தி வாங்கித் தந்த பெட்டி பக்கத்தில் தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தது. அது நன்றாகத்தான் பாடுகிறது என்று அவரே சொன்னார். நாம் அந்த நோட்டைப் படியெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அறுபத்தோரு பக்கங்கள். உங்கள் ஊரிலும் 'சவுண்ட் சர்வீஸ்' என்று பெயர்ப்பலகை தொங்கும் கடை ஒன்று இருக்கும். அதன் பழைய ஆள் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அவரிடம் இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.